மூன்றாவது பந்து

சோழர்கள் தங்கள் குலமுதல்வன் என்று சொல்லிக்கொண்டவர்களில் ஒருவன் ஒரு புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசுத் தட்டில் வைத்தவன். அந்தச் சிபியின் வழி வந்ததால்தான் அவர்களுக்குச் செம்பியன் என்ற பெயர். புறநானூற்றுப் புலவர்கள் சிலர் சோழனை வாழ்த்தும்போது புறாவின் துயர் தீர்த்தவனின் மரபு என்று நினைவூட்டுகிறார்கள். நாகப்பட்டினம் பக்கம் செம்பியன்மாதேவி என்று ஓர் ஊரே இருக்கிறது. காவிரிப் படுகையில் இந்தக் கதை தெரியாத ஆள் குறைவு. அரிய அரியத் தட்டு தாழவில்லை, கடைசியில் அவனே ஏறி உட்கார்ந்தான் என்பது வரை எல்லாரும் சொல்வார்கள். அரிந்த இடம் வலித்ததா, அன்று ராத்திரி அவன் தூங்கினானா என்று கேட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. தேவர்கள் தோன்றுவார்கள், எல்லாம் சோதனை என்பார்கள், கதை முடிந்துவிடும்.

அந்தத் தராசு இப்போது மருத்துவமனைக்குள் வந்துவிட்டது. உயிரோடிருக்கும் ஒருவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் ஸ்கேன் எடுத்து அளப்பார்கள். வாங்கிக்கொள்பவரின் உடல் எடையில் நூற்றுக்கு 0.8 பங்காவது புதுக் கல்லீரல் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ மனிதருக்கு 480 கிராம். வளர்ந்தவருக்குக் கொடுப்பதென்றால் பெரும்பாலும் வலப்பக்கம் முழுவதையும் எடுக்க வேண்டிவரும். அது கிட்டத்தட்ட 60 சதவீதம். கொடுப்பவரிடம் 30 சதவீதத்துக்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும். வெட்டியெடுத்த பிறகும் ஒருமுறை தட்டில் வைத்து நிறுத்துப் பார்ப்பார்கள். மிஞ்சிய கல்லீரல் சில வாரங்களிலேயே வேகமாகப் பெருத்து, சில மாதங்களில் பழைய அளவை நெருங்கிவிடும். உடம்பில் இப்படி வளர்ந்துகொள்ளும் உள்ளுறுப்பு வேறெதுவும் இல்லை. சிபிக்குத் தேவர்கள் வர வேண்டியிருந்தது. இங்கே கல்லீரலே பார்த்துக்கொள்கிறது.

வளர்ந்துவிடும் என்ற இந்த ஒரு செய்திதான் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. "அதான் திரும்ப வளந்துருமாமே" என்று சொல்லும்போது, கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்ற நிம்மதி அதில் இருக்கிறது. அந்த நிம்மதி கொடுத்தவருக்குச் சேர வேண்டிய ஒன்றை எடுத்துக்கொண்டுவிடுகிறது என்பது என் எண்ணம்.

இந்தச் சிகிச்சைக்கு வயது அதிகமில்லை. 1989ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜப்பானியத் தாய் ஒருவர் தன் மகனுக்குக் கொடுத்ததுதான் முதலில் வெற்றி பெற்றது. இந்தியாவில் 1998 நவம்பரில், டெல்லியில். வாங்கிக்கொண்டது காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இருபது மாதக் குழந்தை. கொடுத்தது அதன் தகப்பனார். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டரானதைப் பத்திரிகைகள் மகிழ்ச்சியோடு எழுதின. எழுத வேண்டிய செய்திதான். லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் 1997இல் பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்குக் கல்லீரல் மாற்றி கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற முகமது ரேலா, மயிலாடுதுறைப் பக்கத்துக் கிளியனூர்க்காரர் என்பதில் எங்கள் பக்கத்தவருக்குத் தனிப் பெருமை உண்டு. இப்போது தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே இந்தச் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. குழந்தை பிழைத்தது நினைவிருக்கிறது, அறுத்த கை நினைவிருக்கிறது. டெல்லியில் அந்தத் தகப்பனார் முதல்முறை இருமியபோது எப்படி இருந்திருக்கும் என்பது எந்தச் செய்தியிலும் என் கண்ணில் படவில்லை.

மற்றப் பெரும்பாலான அறுவைச் சிகிச்சைகளில் வலிக்கு ஒரு பண்டமாற்று உண்டு. தஞ்சாவூர் சரசுவதி மகாலில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகள் இருக்கின்றன. நோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். சரபோஜி இறந்தது 1832இல். ஈதர் மயக்கம் பாஸ்டனில் அரங்கேறியது 1846இல். அப்படியானால் அந்தக் கண்களில் கருவி இறங்கியபோது ஆட்கள் விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இருந்தும் உட்கார்ந்தார்கள், ஏனென்றால் எழுந்திருக்கும்போது பார்வை கிடைக்கும். பித்தப்பைக் கல்லானாலும் குடல்வாலானாலும் இதே கணக்குத்தான்: ஒரு வலியைக் கொடுத்து இன்னொரு வலியிலிருந்து விடுபடுவது. கல்லீரல் கொடுப்பவருக்கு இந்தக் கணக்கு நேராவதில்லை. காலையில் தியேட்டருக்கு நடந்தே போகக்கூடியவர் அவர். முதல்நாள் வரை களத்துமேட்டில் நின்றவர். அந்தக் கட்டிடத்தில் வலியே இல்லாமல் உள்ளே வந்து வலியோடு வெளியே போகும் ஆள் அவர்.

எங்கே வலிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கல்லீரலின் உட்சதைக்கு வலி தெரியாது. அதன் மேலுறைக்குத்தான் தெரியும். வலி பெரும்பாலும் வழியில்தான். வலது விலாவுக்குக் கீழே வளைவாக வயிற்றுச் சுவரைக் கீறுகிறார்கள். விலா எலும்புகளை இரும்புக் கருவி கொண்டு மேலே தூக்கிப் பல மணி நேரம் அப்படியே பிடித்து வைக்கிறார்கள். மூச்சு ஒவ்வொன்றும் அந்த விலாவை அசைத்துத்தான் ஆக வேண்டும்; அசையாமல் படுத்திருப்பது என்பது இந்த வலியில் இல்லை. உதரவிதானம் உரசப்பட்டால் அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் வலது தோளில் வலிக்கும். வயிற்றில் அறுத்துவிட்டுத் தோளில் ஏன் வலிக்கிறது என்று கேட்டு, கேட்டதற்கே கூச்சப்படுகிறவர்கள் உண்டு.

இந்த வலியை அடக்க மருந்து இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் வழியிலும் அந்தக் கல்லீரலே குறுக்கே நிற்கிறது. முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே மெல்லிய குழாய் வைத்து மரத்துப்போகச் செய்யும் எபிடியூரல், இந்த மாதிரிப் பெரிய கீறலுக்கு நன்றாக வேலை செய்யும். ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களைச் செய்வது கல்லீரல்தான். பாதிக்கு மேல் போனதும் முதல் சில நாட்களுக்கு உறையும் திறன் குறையும், தட்டணுக்களும் குறையும். அந்த நேரத்தில் குழாயை உருவினால் முதுகுத்தண்டுக்குள் ரத்தம் கட்டிக் காலே விளங்காமல் போகும் ஆபத்து, அரிதென்றாலும், உண்டு. ஆகவே ரத்தப் பரிசோதனை பார்த்து நாள் பார்த்து எடுக்கிறார்கள். அந்தப் பயத்தால் வைக்காமலே விடுகிறவர்களும் இருக்கிறார்கள். மார்பின் கல்லீரலில்தான் சிதைய வேண்டும். இருப்பது சிறிய கல்லீரல், ஆகவே அளவைக் குறைத்துக் கண்காணிக்க வேண்டும். பாராசிட்டமாலும் அப்படியே. மற்ற வலி மாத்திரைகளில் பலவும் ரத்தக்கசிவுக்கும் சிறுநீரகத்துக்கும் பயந்து ஒதுக்கப்படுகின்றன. வலியைத் தீர்க்கும் மருந்துகள் போய்ச் சேர வேண்டிய இடத்தையே ஒருவர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து படுத்திருக்கிறார்.

அதற்காக மருத்துவம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. தண்டுவட நீரில் ஒரே ஒரு சிறிய அளவு மார்பின் போடுவது, முதுகின் தசை அடுக்குக்கு அடியில் அல்ட்ராசவுண்டில் பார்த்து மருந்து பாய்ச்சி விலா நரம்புகளை மரக்கவைப்பது, இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துக் கொடுத்து எதன் அளவையும் அதிகமாக்காமல் சமாளிப்பது என்று வழிகள் பெருகியிருக்கின்றன. முதுகுத் தசை அடுக்கில் போடும் அந்த முறையை முதன்முதலாக எழுதியதே 2016இல்தான். சில இடங்களில் பெரிய கீறலே இல்லாமல், துளை வழியாகவும் ரோபோ கொண்டும் எடுக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. பக்கத்துப் பக்கத்து அறையில் கொடுத்தவரும் வாங்கியவரும் படுத்திருந்தால், வாங்கியவருக்கு வலி மருந்து குறைவாகவே தேவைப்படுகிறது என்று பல மருத்துவமனைகள் கவனித்து எழுதியிருக்கின்றன. அவருடைய கீறல்தான் பெரிது. ஆனால் நாட்பட்ட கல்லீரல் நோயில் உடம்பே சுரக்கும் வலியடக்கிப் பொருட்கள் ரத்தத்தில் கூடியிருக்கின்றன என்பது ஒரு விளக்கம். அவருக்குப் போடும் ஸ்டீராய்டு ஒரு விளக்கம். கொடுத்தவருக்கு அந்த முன்னேற்பாடு எதுவும் கிடையாது. ஆரோக்கியமான உடம்பு வலியையும் ஆரோக்கியமாகவே உணர்கிறது.

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு உறவுமுறையில் ஓர் அத்தாச்சி. மகனுக்கு ஹெபடைடிஸ் பி முற்றிக் கல்லீரல் சுருங்கிப்போய், மருமகளுக்கு ரத்த வகை சேராமல், நாற்பத்தேழு வயதில் அவரே கொடுத்தார். அறுவை முடிந்த இரண்டாம் நாள் நான் பார்க்கப் போயிருந்தேன். நர்ஸ் வந்து, "சைபர்லேந்து பத்து வரைக்கும் சொன்னா, வலி எத்தனைம்மா?" என்று கேட்டார். அத்தாச்சி ஏதோ மளிகைச் சாமான் எழுதச் சொல்வதுபோல, "மூணு போட்டுக்கம்மா" என்றார். நர்ஸ் மூன்று என்று எழுதிக்கொண்டு போனார். அத்தாச்சியின் இடது கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது, கணு வெளுத்திருந்தது.

அப்புறம் பிசியோதெரபி பார்க்கும் இளைஞர் வந்தார். கையில் அந்த மூன்று பந்துப் பெட்டி. ஆபரேஷன் ஆன வீட்டில் எல்லாம் பிற்பாடு குழந்தைகள் விளையாடக் கிடக்குமே, நீலமும் வெள்ளையுமாக, அதுதான். எல்லாரும் அதை ஊதுகிறார்கள்; உண்மையில் உறிஞ்ச வேண்டும். "ஊதாதீங்கம்மா, இழுங்க, நுரையீரல் விரியணும்" என்றார். முதல் பந்து ஏறியது. இரண்டாவது எழும்பி ஆடியது, அதோடு அவர் வயிற்றில் அணைத்திருந்த தலையணையை இறுக்கிக்கொண்டு குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மூன்றாவது அசையவே இல்லை. அதன் மேல் 1200 என்று எழுதியிருந்தது. நொடிக்கு அத்தனை மில்லிலிட்டர் காற்றை உள்ளே இழுத்தால்தான் அது ஏறும். இளைஞர் சீட்டைப் பார்த்தார், அத்தாச்சியைப் பார்த்தார். "மூணுன்னு சொன்ன வலிக்கு மூணு பந்தும் ஏறியிருக்கணுமேம்மா" என்றார். "பிள்ளை பெத்ததை விடவா தம்பி இது" என்று அத்தாச்சி சிரிக்கப் பார்த்து, சிரிப்பு விலாவில் பிடித்துக்கொண்டது. உடனே, "அவன் கண்ணு முழிச்சானா, கேட்டுச் சொல்லு" என்றார்.

அந்த இளைஞர் வெளியே போய் வலி டாக்டரிடம் பேசினார். மருந்தை மாற்றினார்கள். சாயங்காலம் இரண்டு பந்து நின்றது. மறுநாள் மூன்றாவது பாதி வரை வந்தது. ஆழ்ந்து மூச்சு விடாவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி மூடிக்கொள்ளும், சளி தங்கும், நிமோனியா வரும். நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையும். வலியைப் பொறுத்துக்கொள்வதால் கொடுத்தவருக்குப் புண்ணியம் கூடுவதில்லை, காய்ச்சல்தான் கூடும்.

அவர் படுக்கையில் பொத்தான் ஒன்றும் தொங்கியது. வலிக்கும்போது தானே அழுத்தினால் ஒரு சிறிய அளவு மருந்து ரத்தத்தில் இறங்கும். தொடர்ந்து அழுத்தினாலும் குறித்த நிமிடங்களுக்கு முன் இயந்திரம் கொடுக்காது. ஆகவே பயமில்லை. எத்தனை முறை அழுத்தினார் என்பதையும் அது கணக்கு வைத்துக்கொள்ளும். அத்தாச்சியின் கணக்கில் ராத்திரி முழுக்க ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அமுக்க அமுக்கப் பில் ஏறும் என்று நினைத்திருந்தார். அது ஒரு காரணம். இன்னொன்றை அவர் சொன்னது ஆறேழு மாதம் கழித்து, திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது. "நான் வலிக்குதுன்னு சொன்னா அது அவன் காதுக்குப் போவும்பா. அப்பறம் அவன் ஒவ்வொரு வேளையும் அதை நெனச்சுக்கிட்டேல்ல மாத்திரை முழுங்குவான்."

மறைப்பதை நாம் சுலபமாக வீரம் என்று எழுதிவிடுகிறோம், அல்லது பெண்ணுக்குரிய பொறுமை என்று. இந்தியாவில் 1995 முதல் 2021 வரை நடந்த உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளில் 36,640 பேரில் 29,695 பேர் ஆண்கள், 6,945 பேர்தான் பெண்கள் என்று தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் கணக்கு சொல்லியது. வாங்குவதில் இப்படி, உயிரோடு கொடுப்பதில் பெண்கள்தான் மிகுதி. பொறுமையைப் புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டுப் புகழலாம். ஆனால் அத்தாச்சி சொன்னது பொறுமை இல்லை. அவர் கொடுத்தது கொடையாகவே இருக்க வேண்டும், கடனாகிவிடக் கூடாது என்ற கவனம் அது. வலி வெளியே சொல்லப்பட்ட அந்த நிமிஷத்தில் அதற்கு விலை எழுதப்பட்டுவிடுகிறது. வாங்கியவன் வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகிறது. கல்லீரலைக் கொடுத்த பின் அதன் விலைச்சீட்டையும் தானே விழுங்கிவிட்டார் அவர். முதல் கொடை எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டாவதைப் பந்துப் பெட்டி காட்டிக்கொடுத்தது.

சட்டம் முதல் கொடையைப் பற்றி மட்டும் நிறையக் கேட்கிறது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி, உறவு என்ன, யாராவது வற்புறுத்தினார்களா, பணம் கைமாறியதா, ஆபத்து புரிந்ததா என்று உட்காரவைத்து விசாரிக்கிறார்கள். அதைப் படமும் பிடிக்கிறார்கள். மனமொப்பி வந்தீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று சொன்னவர், அந்த ஆமோடு வலியையும் சேர்த்து ஒப்புக்கொண்டதாக எங்கோ ஓர் இடத்தில் எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம். வார்டில் சொல்லப்படும் வாசகம் அதைத்தான் காட்டுகிறது: "தாங்க முடியலைன்னா சொல்லுங்க." தாங்குவதற்கென்றே வந்தவரிடம் இதைச் சொன்னால் அவர் எப்போது சொல்வார்?

வலி மருந்து எழுதும் முறையில் இரண்டு உண்டு. ஒன்று, கேட்டால் கொடு. மற்றது, கேட்டாலும் கேட்காவிட்டாலும் மணி பார்த்துக் கொடு. இரண்டாவதுதான் பெரிய அறுவைக்குப் பின் நல்லது என்று மயக்க மருத்துவம் பல காலமாகச் சொல்கிறது. அவர்கள் சொல்லும் காரணம் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்காமல் சீராக இருக்கும் என்பது. கல்லீரல் கொடுத்தவர் விஷயத்தில் அதற்கு வேறொரு காரணமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. மகன் கேட்டு அத்தாச்சி கொடுக்கவில்லை. அவன் வேண்டாமென்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். கேளாமல் கொடுத்தவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி நிறுத்துவது முறையில்லை. அவருடைய வலிக்கு மருந்து என்பது நம் இரக்கத்திலிருந்து வருவதல்ல, அவருக்கு நாம் கட்ட வேண்டியது. கட்ட வேண்டியதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர் யார் என்பதில் சந்தேகம் இருக்க முடியாது.

இதில் நாட்டுக்கும் பங்கு உண்டு. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது. மார்பின் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து இங்குள்ள மருத்துவமனைகள் பல அதை வாங்கி வைக்கவே தயங்கின. 2014இல் சட்டத்தைத் திருத்தி வழியைச் சுலபமாக்கினார்கள். பெரிய நகரத்து மாற்றுச் சிகிச்சை மையங்களில் இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது, சென்னையில் கிடைத்தது இங்கே தாலுகா ஊரில் எளிதாகக் கிடைப்பதில்லை என்று.

வீட்டுக்கு வருவதே ஒரு பெரிய காரியம். அத்தாச்சியை உழவன் எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கையில் அழைத்துவந்தார்கள். ரயில் ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாராம். மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது என்றிருந்தார்கள். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்து குறுவைக்கு நடவு தொடங்கியிருந்த சமயம். குனிந்து நடுவதும், நாற்றுமுடியைத் தூக்கி வீசுவதும், குடம் எடுப்பதும் எல்லாம் வயிற்றுத் தசையில் நடக்கிற வேலை. தையல் ஆறும் முன் அந்தச் சுவர் விட்டுக்கொடுத்தால் குடலிறக்கம் வரும். ஊரில் அதைப் புரியவைப்பதுதான் சிரமமாக இருந்தது. பார்வைக்கு நன்றாக இருக்கிறார், நோயும் இல்லை, பிறகு ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டவர்கள் உண்டு. மகன் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே படுத்திருந்ததால் அவனுக்கு அந்தக் கேள்வி வரவில்லை.

தழும்புக்குக் கீழே ஒரு கை அகலம் இன்னும் மரத்துப்போயிருக்கிறது, மழை நாளில் விலாவில் ஏதோ இழுக்கிறது என்று சென்ற ஐப்பசியில் உள்ளூரில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். கீறலில் அறுபட்ட நரம்புகள் சிலருக்கு இப்படி நீண்ட நாள் தொந்தரவு கொடுக்கும். அதற்கென்று மருந்துகளும் இருக்கின்றன. டாக்டர் தழும்பைப் பார்த்துவிட்டு, என்ன வியாதிக்காக அறுத்தார்கள் என்று கேட்டிருக்கிறார். "எனக்கு வியாதி ஒண்ணும் இல்லீங்களே" என்று இவர் சொல்ல, பழைய ஃபைலைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஃபைல் இருப்பது மகனுக்குத்தான், அரையடி கனத்துக்கு. இவருக்கு இருந்தது ஒரே ஒரு டிஸ்சார்ஜ் தாள், அதுவும் எங்கேயோ. மருந்து வேண்டாமென்று திரும்பி வந்துவிட்டார்.

மருமகளுக்கு இது தெரிந்தது ஒரு வாரம் கழித்து, பக்கத்து வீட்டார் சொல்லித்தான். அந்தப் பெண் மாமியாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகனின் அடுத்த பரிசோதனைக்குச் சென்னை போக டிக்கெட் எடுக்கும்போது அத்தாச்சிக்கும் சேர்த்து எடுத்துவிட்டாள். "எதுக்குடி நானு, துணைக்கா?" என்றாராம் இவர். "துணைக்கு நான் போறேன் அத்தை. நீங்க காட்டுறதுக்கு."